0.3 சதவீதம்: ஒரு கோட்டின் வரலாறு

ஒரு சட்டம் எதைத் தடுக்கிறது என்று அறிய அதன் தண்டனைப் பிரிவை மட்டும் பார்த்தால் போதாது. வரைவிலக்கணப் பிரிவைப் பார்க்க வேண்டும். எந்தப் பொருளை எந்தப் பெயரால் அழைக்கிறது, எதைக் கணக்கில் எடுக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. கஞ்சாச் செடி பற்றி ஐக்கிய அமெரிக்கா 1937 முதல் எழுதிவந்த சட்டங்களைப் படித்துக்கொண்டு போனபோது எனக்கு இது நன்றாக விளங்கியது. ஒரே செடிக்கு அவர்கள் மூன்று தடவை வேலி போட்டார்கள். முதலாவது வேலி செடியின் உறுப்பைப் பார்த்துப் போட்டது. இரண்டாவது சதவீதத்தைப் பார்த்துப் போட்டது. மூன்றாவது பொதியைப் பார்த்துப் போட்டது. இந்த மூன்றின் கதையையும், நமது பழைய உலமாக்கள் இதே கேள்வியோடு மல்லுக்கட்டிய கதையையும் சேர்த்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த விஷயத்தில் நான் இறங்கியதற்கு டெக்சாஸில் வேலை செய்யும் என் ராத்தாவின் மகன்தான் காரணம். ஒருநாள் கோல் எடுத்தவர், “மாமா, இங்க பெற்றோல் செட் கடையிலயும் டெல்டா எட்டு எண்டு இனிப்பு விக்கிறாங்க. கேட்டா கஞ்சா இல்லயாம், ஹெம்பாம். சட்டத்துல குத்தமில்லயாம். ஆனா திண்டவனுக்கு தல சுத்துது. இத என்னெண்டு எடுக்கிற?” என்றார். நியாயமான கேள்வி. போதை தருகிறது, ஆனால் போதைப்பொருள் இல்லை என்று ஒரு நாட்டின் சட்டம் எப்படிச் சொல்ல முடியும்?

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். தாவரவியலில் கஞ்சாவும் ஹெம்பும் ஒரே இனம்தான். கயிறு, துணி, காகிதம் செய்ய நாருக்காகவும் விதைக்காகவும் வளர்க்கும் வகையை ஹெம்ப் என்கிறார்கள். போதைக்காக வளர்க்கும் வகையைத்தான் நாங்கள் கஞ்சா என்கிறோம். இச்செடியில் உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட தனிச் சேர்வைகளில் இரண்டு நமக்கு முக்கியம். ஒன்று டெல்டா-9 டி.எச்.சி. போதை தருவது இதுதான். மற்றது சி.பி.டி. இது போதை தராது. 1940இல் இலினோய் பல்கலைக்கழகத்தின் ரொஜர் அடம்ஸ் சி.பி.டி.யைப் பிரித்தெடுத்தார். டி.எச்.சி.யைத் தூய நிலையில் பிரித்து அதன் கட்டமைப்பைச் சொன்னவர்கள் 1964இல் ரபாயேல் மெக்கோலமும் யெகியல் கவோனியும். இதில் ஒரு தகவலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: சி.பி.டி.யை அமிலத்தோடு சேர்த்தால் அது போதை தரும் சேர்வையாக மாறும் என்பதை அடம்ஸ் 1940களின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார்.

முதலாவது வேலி: உறுப்பு

1937இல் அமெரிக்கக் காங்கிரஸ் ‘மரிஹுவானா வரிச் சட்டத்தை’ நிறைவேற்றியது. பெயரில் வரி, வேலையில் தடை. பதிவு செய்யாத ஒருவருக்கு ஓர் அவுன்ஸ் கைமாற்றினால் 100 டொலர் வரி. அந்தக் காலத்தில் 100 டொலர் சாதாரணக் காசில்லை.

சட்டமூலம் விசாரணைக்கு வந்தபோது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சார்பில் வில்லியம் வூட்வர்ட் எதிர்த்துச் சாட்சி சொன்னார். அவருடைய முறைப்பாடுகளில் ஒன்று பெயரைப் பற்றியது. மருத்துவர்களுக்கு ‘கனபிஸ்’ தெரியும், மருந்தாகக் கொடுத்தும் இருக்கிறார்கள். ‘மரிஹுவானா’ என்ற தெருப்பெயரில் சட்டம் வந்ததால், தாங்கள் அறிந்த மருந்தைத்தான் இது தொடுகிறது என்பது அத்துறையில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை என்றார். அவருடைய பேச்சு எடுபடவில்லை. ஆனால் வியாபாரிகளின் பேச்சு எடுபட்டது. பறவைத் தீன் விற்பவர்களுக்கு விதை வேண்டும். வர்ணப்பூச்சுக் கம்பனிகளுக்கு விதை எண்ணெய் வேண்டும். ஆகவே முதிர்ந்த தண்டு, அதன் நார், விதையெண்ணெய், முளைக்காதபடி செய்த விதை ஆகியவற்றைச் சட்டம் வெளியே விட்டது. செடி ஒன்று. தண்டு குற்றமில்லை, பூ குற்றம்.

1942இல் யுத்தம் இந்த வேலியைக் கொஞ்சம் சாய்த்தது. பிலிப்பைன்ஸ் ஜப்பானின் கையில் விழ, கப்பல் கயிற்றுக்கான மணிலா நார் வருவது நின்றது. உடனே விவசாயத் திணைக்களம் ‘வெற்றிக்கு ஹெம்ப்’ என்ற பொருளில் பெயரிட்ட ஒரு பிரசாரப் படம் எடுத்து, இதைப் பயிரிடுங்கள் என்று விவசாயிகளை அழைத்தது. யுத்தம் முடிந்தது, அழைப்பும் முடிந்தது. 1969இல் உயர் நீதிமன்றம் வரிச் சட்டத்தின் முக்கிய பகுதியை அரசியலமைப்புக்கு முரண் என்றது. 1970இல் வந்த கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள் சட்டம் கஞ்சாவை மிகக் கடுமையான முதலாம் அட்டவணையில் வைத்தது. ஆனால் தண்டு, பூ என்ற பழைய வரைவிலக்கணத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. நாருக்காக வளர்த்தாலும் வயலில் பூ இருக்குமே! அதனால் ஹெம்ப் செய்கையும் அடிபட்டுப் போனது.

உலக அளவிலும் இதே போக்குத்தான். 1925இல் ஜெனீவா அபின் மாநாட்டில் கஞ்சாவைச் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று வற்புறுத்தியவர் எகிப்தியப் பிரதிநிதி முஹம்மத் அல் குந்தி என்பது நம் வாசகர்கள் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். 1961ஆம் ஆண்டின் போதைப்பொருள் தனிச் சமவாயமும் பூத்த, காய்த்த நுனிகளைத்தான் கஞ்சா என்றது. நாருக்கும் விதைக்கும் மட்டும் செய்யும் பயிரை அது தொடவில்லை.

எண் பிறந்த கதை

இரண்டாவது வேலியின் எண் பாராளுமன்றத்தில் பிறக்கவில்லை. ஒரு தாவரவியல் கட்டுரையில் பிறந்தது. 1976இல் கனடாவின் ஏர்னஸ்ட் ஸ்மோல், நியூயோர்க்கின் ஆதர் குரொன்கிஸ்ட் ஆகிய இருவரும் கஞ்சா இனத்தை எப்படி வகைப்படுத்துவது என்று எழுதினார்கள். ஒட்டாவாவில் வளர்த்த செடிகளின் மேற்பகுதி இளம் இலைகளைக் காயவைத்து அளந்து, டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஒரு துணையினம், மேலே இருந்தால் மற்றத் துணையினம் என்று பிரித்தார்கள். எங்காவது ஒரு கோடு கீற வேண்டும், ஆகவே கீறுகிறோம் என்ற அளவில்தான் அவர்கள் அதை வைத்தார்கள். ஒரு மனிதனுக்கு எவ்வளவில் மயக்கம் வரும் என்று ஆராய்ந்து கண்ட எண் அல்ல இது.

கனடா 1998இல் கைத்தொழில் ஹெம்பை அனுமதித்தபோது 0.3 சட்டத்துக்குள் வந்தது. அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டின் விவசாயச் சட்டம் பரீட்சார்த்தச் செய்கைக்கு அதே எண்ணை வைத்தது. 2018 டிசம்பர் 20ஆம் திகதி கையொப்பமான விவசாயச் சட்டம் அதை நாடு முழுவதற்கும் விரித்தது. இதை முன்னின்று நடத்தியவர் கென்டகி மாநில செனட்டர் மிச் மெக்கொனல். புகையிலை வருமானம் குறைந்துபோன தன் மாநில விவசாயிகளுக்கு வேறொரு பயிர் கொடுப்பதே அவர் சொன்ன நோக்கம்.

அந்தச் சட்டத்தின் வரைவிலக்கணத்தைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: கஞ்சாச் செடியும் அதன் எந்தப் பகுதியும், அதிலிருந்து வரும் சாறுகளும் சேர்வைகளும், டெல்டா-9 டி.எச்.சி. உலர் நிறையில் 0.3 சதவீதத்துக்கு மேற்படாதவரை ஹெம்ப். ஹெம்ப் என்றால் அது போதைப்பொருள் அட்டவணையில் இல்லை. கயிற்றையும் விதையையும் மனதில் வைத்து எழுதிய வசனம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் வசனம் எழுதியவன் மனதில் இருந்ததைப் பார்ப்பதில்லை, எழுத்தில் இருப்பதைத்தான் வியாபாரி பார்ப்பான்.

மூன்று ஓட்டைகள்

முதலாவது ஓட்டை அடம்ஸ் காட்டிய அந்தப் பழைய இரசாயனம். 2019இல் ஏராளமான விவசாயிகள் சி.பி.டி.க்காக ஹெம்ப் போட்டார்கள். விளைச்சல் குவிந்தது, விலை விழுந்தது. கையில் தேங்கிக் கிடந்த சி.பி.டி.யை அமிலத்தால் டெல்டா-8 டி.எச்.சி. ஆக்கினார்கள். டெல்டா-9க்கும் இதற்கும் வித்தியாசம் மூலக்கூறில் ஓர் இரட்டைப் பிணைப்பு ஓரிடம் தள்ளி இருப்பதுதான். போதை சற்றுக் குறைவு என்கிறார்கள், ஆனால் போதைதான். சட்டமோ டெல்டா-9 என்று மட்டும் எழுதியிருக்கிறது.

இரண்டாவது ஓட்டை நிறைக் கணக்கு. சதவீதம் என்பது பொருள் பாரமாகப் பாரமாக உள்ளே அதிகம் இடம் கொடுக்கும். 4 கிராம் நிறையுள்ள ஒரு ஜெலி இனிப்பில் 0.3 சதவீதம் என்றால் 12 மில்லிகிராம். பழக்கமில்லாத ஒருவரை மயக்க 5 முதல் 10 மில்லிகிராம் போதும். ஒரு சாதாரண டின் பானம் ஏறத்தாழ 355 கிராம். அதில் 0.3 சதவீதம் என்று கணக்குப் போட்டால் 1000 மில்லிகிராமுக்கும் மேல் வருகிறது! இலைக்கு வைத்த அளவுகோலைத் தின்பண்டத்துக்கும் பானத்துக்கும் வைத்ததன் விளைவு இது. வயலில் 0.3ஐத் தாண்டிய விவசாயி தன் பயிரை அழிக்கவோ திருத்தவோ வேண்டும். மயக்கம் தரும் இனிப்பை விற்பவனுக்கு அந்தக் கவலை இல்லை.

மூன்றாவது ஓட்டை நெருப்பு. பச்சைப் பூவில் டி.எச்.சி. பெரும்பாலும் அமில வடிவில், டி.எச்.சி.ஏ. ஆக இருக்கிறது. அது போதை தராது. சூடாக்கினால் காபனீரொட்சைட்டு வெளியேறி டெல்டா-9 ஆகிவிடும். அறுவடைக்கு முன் வயலில் எடுக்கும் சோதனையில் இரண்டையும் கூட்டிப் பார்க்க விதி இருந்தது. கடை மேசையில் இருக்கும் பொதிக்கு அப்படி ஒரு கணக்கு நடைமுறையில் இல்லை. பற்றவைக்கும் வரை ஹெம்ப், பற்றவைத்த பிறகு கஞ்சா.

இந்த ஓட்டைகளால் நடந்ததுதான் கவலைக்குரியது. 2021 ஜனவரி தொடக்கம் 2022 பெப்ரவரி முடியும் வரை டெல்டா-8 தொடர்பாக அமெரிக்க நஞ்சுத் தகவல் நிலையங்களுக்கு 2,362 சம்பவங்கள் வந்ததாக அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் வெளியிட்டது. அவற்றில் 41 சதவீதம் 18 வயதுக்குக் குறைந்தவர்கள். பிள்ளைகளுக்குத் தெரிந்த பிரபல்யமான நொறுக்குத் தீனிகளைப் போலவே உறை அச்சடித்து விற்ற ஆறு கம்பனிகளுக்கு 2023 ஜூலையில் எச்சரிக்கைக் கடிதங்கள் போயின. இனிப்புக்குள் கஞ்சா என்பது நமக்கும் அந்நியமான விஷயமில்லை. மதனமோதகம் என்று கேட்டால் இந்நாட்டில் தெரியாதவர் குறைவு. ஆனால் அது எதுவென்று வாங்குபவனுக்குத் தெரியும். மிட்டாய் என்று நினைத்து எடுத்துத் தின்னும் நாலு வயதுப் பிள்ளைக்கு எதுவும் தெரியாது.

பெயரா, விளைவா?

இந்த இடத்தில் நமது பிக்ஹ் வரலாற்றுக்கு ஒரு தடவை போய் வரலாம். ஏனென்றால் சட்டம் பொருளின் பெயரைப் பார்க்க வேண்டுமா, அதன் விளைவைப் பார்க்க வேண்டுமா என்ற கேள்வியை நம் இமாம்கள் மிக முந்தியே கேட்டுவிட்டார்கள்.

கூபாவின் ஹனபி இமாம்கள் கம்ர் என்ற சொல்லைப் புளித்த திராட்சைச் சாற்றுக்கே உரியதாகக் கொண்டார்கள். வேறு சில பானங்களில் மயக்கம் வராத அளவு குடிப்பதற்கு வேறு ஹுக்மு சொன்னார்கள். இமாம் ஷாபிஈ உள்ளிட்ட பெரும்பான்மையோர் இதை ஏற்கவில்லை. எது கூடக் குடித்தால் மயக்குமோ அதில் கொஞ்சமும் கூடாது, எதிலிருந்து செய்தது என்பது கேள்வியே இல்லை என்றார்கள். பிற்கால ஹனபிகளும் பெரும்பாலும் இந்தப் பக்கமே வந்து சேர்ந்தார்கள்.

கஞ்சா பரவலாக வந்தபோது சிக்கல் கூடியது. இது பானம் அல்ல, தின்பது. ‘ஹஷீஷ்’ என்ற சொல்லுக்கே புல், பூண்டு என்றுதான் பொருள். புல்லைத் தின்பதற்கு என்ன சட்டம்? மாலிகி அறிஞர் கராபி (மரணம் 1285) தனது ‘அல் புரூக்’ நூலில் மூன்று வகை பிரித்தார்: மயக்கி மகிழ்ச்சியும் துணிவும் ஏற்றுவது, அறிவைக் கெடுப்பது, உறங்க வைப்பது. குடிகாரன் சண்டைக்குப் போகிறான், ஹஷீஷ் தின்றவன் அடங்கிப் போய்க் கிடக்கிறான் என்று ஆட்களைக் கவனித்து, இது இரண்டாவது வகை என்று முடிவு செய்தார். ஆகவே மதுவுக்குரிய ஹத்து இல்லை, தஃஸீர் உண்டு, பொருள் நஜீஸும் அல்ல என்பது அவர் கருத்து. இப்னு தைமிய்யா (மரணம் 1328) இதை மறுத்தார். மயக்குகிறது, தின்பவன் அதைத் தேடிப் போகிறான், ஆகவே மதுவின் சட்டமே இதற்கும் என்றார். அதன் பின் கெய்ரோவில் வாழ்ந்த ஷாபிஈ அறிஞர் ஸர்கஷி (மரணம் 1392) ஹஷீஷ் தடை பற்றித் தனியாகவே ஒரு ரிஸாலா எழுதி, அதன் பெயர்கள், கேடுகள், மயக்குகிறதா என்பது, ஹத்து, தூய்மை என்று ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார்.

இவர்களுக்குள் தண்டனையிலும் தூய்மையிலும் கருத்து வேறுபாடு இருந்தது. ஆனால் வேறுபட்டவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் நின்றுதான் வேறுபட்டார்கள்: தின்ற மனிதனுக்கு என்ன நடக்கிறது? அமெரிக்கச் சட்டமோ பூவா தண்டா என்று கேட்டது, பிறகு எத்தனை சதவீதம் என்று கேட்டது. மனிதனைப் பற்றிக் கேட்கத் தொடங்கியது மிகப் பிந்தித்தான். ராத்தாவின் மகனுக்கு நான் சொன்ன பதிலும் இதுதான்: “சட்டத்துல ஓட்டை இருக்கிறதால சாமான் மாறிப் போறதில்ல, மகன்.”

மாநிலங்களும் நீதிமன்றமும்

2022 மே மாதம் அமெரிக்காவின் ஒன்பதாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம், சட்டத்தின் சொற்படி டெல்டா-8 ஹெம்பில் அடங்கும் என்றது. காங்கிரஸ் தவறுதலாக ஓட்டை விட்டிருந்தால் அதை அடைப்பது காங்கிரஸின் வேலை, நீதிமன்றத்தின் வேலை அல்ல என்ற நிலைப்பாடு அது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாநிலமும் தன் வழியில் போனது. மினசோட்டா 2022 ஜூலை முதல் 21 வயதுக்கு மேற்பட்டோருக்கு, ஒரு தடவைக்கு 5 மில்லிகிராம், ஒரு பொதிக்கு 50 மில்லிகிராம் என்று வரம்பு வைத்து அனுமதித்தது. கஞ்சாவையே அனுமதித்த கொலராடோ இரசாயனத்தால் மாற்றிய டெல்டா-8ஐத் தடுத்தது. வரியும் சோதனையும் அனுமதிப்பத்திரமும் உள்ள கஞ்சாக் கடைக்காரனுக்குப் பக்கத்தில், இவை ஒன்றும் இல்லாத ஹெம்ப் கடை எப்படி நியாயமாகும் என்ற கேள்வி அங்கே எழுந்தது. கலிபோர்னியா 2024 செப்டெம்பரில் அவசர விதி கொண்டுவந்து, டி.எச்.சி. கண்டறியக்கூடிய எந்த ஹெம்ப் உணவையும் நிறுத்தியது. டெக்சாஸில் சட்டசபை 2025இல் முழுத் தடை நிறைவேற்ற, ஆளுநர் கிரெக் அபொட் ஜூன் 22ஆம் திகதி அதை ரத்து செய்தார். செப்டெம்பரில் 21 வயது எல்லையை நிறைவேற்று ஆணையால் கொண்டுவந்தார். ஒரு மாநில எல்லையைக் கடந்தால் அதே இனிப்பு வேறொரு பொருளாகிவிடும் நிலை.

மூன்றாவது வேலி: பொதி

2025 நவம்பர் 12ஆம் திகதி, 43 நாட்கள் நீடித்த அரசாங்க முடக்கத்தை முடித்துவைத்த செலவுச் சட்டத்துக்குள் ஹெம்பின் புதிய வரைவிலக்கணமும் வந்தது. டெல்டா-9 மட்டுமல்ல, டி.எச்.சி.ஏ. உள்ளிட்ட மொத்த டி.எச்.சி. கணக்கில் எடுக்கப்படும். செடியில் இயற்கையாக உருவாகாத, அல்லது செடிக்கு வெளியே செய்த சேர்வைகள் ஹெம்ப் ஆகா. கடைக்கு வரும் பொருளில் ஒரு கொள்கலனுக்கு 0.4 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. சட்டத்தில் எழுதியபடி இது ஒரு வருடம் கழித்து, 2026 நவம்பரில் நடைமுறைக்கு வர வேண்டும். காலத்தைத் தள்ளிப்போடக் கோருவோரும் உண்டு.

இதை வற்புறுத்தியவர் வேறு யாருமல்ல, 2018இல் கதவைத் திறந்த அதே மிச் மெக்கொனல். தான் திறந்தது விவசாயிக்கு, மயக்கும் இனிப்புக்கு அல்ல என்பது அவர் வாதம். எதிர்த்தவர் அதே கென்டகியின் மற்ற செனட்டர் ரேண்ட் போல். அந்தப் பிரிவை நீக்க அவர் கொண்டுவந்த திருத்தம் 76க்கு 24 என்ற வாக்கில் ஒதுக்கப்பட்டது. ஒரே மாநிலத்தின் இரு பிரதிநிதிகளும் அதே விவசாயியின் பெயரால்தான் பேசினார்கள்.

புதிய வேலியில் ஓட்டை குறைவு, ஆனால் அது வேறொருவரைக் குத்துகிறது. 0.4 மில்லிகிராம் மயக்கம் தரும் அளவுக்கு மிகக் கீழே. வலிக்கும் தூக்கமின்மைக்கும் என்று பலர் பாவிக்கும் சி.பி.டி. எண்ணெய்ப் போத்தல்களில் இயல்பாகவே சிறிதளவு டி.எச்.சி. கலந்திருக்கும். ஒரு முழுப் போத்தலுக்கும் கணக்குப் பார்த்தால் அவற்றில் பல இந்த வரம்பைத் தாண்டும். ஏழு வருடங்கள் சட்டம் விட்ட வழியில் கடன் எடுத்துத் தொழில் தொடங்கியவர்களும், பயிர் போட்டவர்களும் இப்போது நடுவழியில் நிற்கிறார்கள். முதலில் அளவுக்கு மிஞ்சித் திறந்ததன் செலவைப் பிள்ளைகள் கொடுத்தார்கள். பிறகு ஒரேயடியாக மூடுவதன் செலவை இவர்கள் கொடுக்கிறார்கள்.

நமக்கு இதில் என்ன?

1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சு, அபின், அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் நிழலில்தான் இலங்கை இன்னும் இருக்கிறது. ஆயுர்வேதத் தேவைக்கு விலக்கு உண்டு. 2022இல் தாய்லாந்து கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்த பின், பாங்கொக்கிலிருந்து வரும் ‘குஷ்’ கட்டுநாயக்கவில் பிடிபடும் செய்தி நமக்குப் பழகிப்போய்விட்டது. தாய்லாந்தே 2025இல் கஞ்சாப் பூவுக்கு மருத்துவச் சீட்டு வேண்டும் என்று பின்வாங்கியது. இதற்கிடையில் ஏற்றுமதிக்கு மட்டுமான கஞ்சாச் செய்கை பற்றிய பேச்சு நமது நாட்டிலும் நடக்கிறது. அந்நியச் செலாவணி தேவைப்படும் நாட்டில் அந்தப் பேச்சு நிற்கப் போவதில்லை.

ஆகவே என்றோ ஒருநாள் நமது பாராளுமன்றத்திலும் ஒரு வரைவிலக்கணம் எழுதப்படும். அப்போது எழுதுபவர்கள் உலகம் பாவிக்கிறதே என்று 0.3ஐ அப்படியே தூக்கி வைப்பதற்கு வாய்ப்பு அதிகம். வயலுக்கு அந்த எண் பரவாயில்லை. பயிரைப் பிரித்தறியத்தான் அது பிறந்தது. ஆனால் போத்தலுக்கும் இனிப்புக்கும் பானத்துக்கும் மில்லிகிராம் கணக்கில் வேறு அளவு வேண்டும். மொத்த டி.எச்.சி.யைக் கேட்க வேண்டும், ஆய்வுகூடத்தில் மாற்றியதைத் தனியாகக் கேட்க வேண்டும், வயதையும் உறையையும் கேட்க வேண்டும். நமது உலமாக்களிடமும் சட்டத்தரணிகளிடமும் மருத்துவர்களிடமும் இந்தக் கேள்விகளுக்கான அறிவு ஏற்கெனவே பிரிந்து பிரிந்து கிடக்கிறது. அவர்களை ஒரே மேசையில் இருத்தும் வேலை சட்டமூலம் வர்த்தமானியில் வருவதற்கு முன்பே நடக்க வேண்டும். வந்த பிறகு கூட்டம் போட்டு அறிக்கை விடுவதில் பிரயோசனம் குறைவு.